எத்தனை முறை திருத்தினீர்கள்?

ராணிப்பேட்டைக்காரர்கள் ‘பெல்’ என்று அழைக்கும் பிஎச்இஎல் நிறுவனத்தின் பங்கு விலையை, எந்தச் சரிக்கட்டலும் செய்யாத பழைய தரவிலிருந்து எடுத்து வரைந்து பார்த்தால், 2011 அக்டோபர் தொடக்கத்தில் செங்குத்தான ஒரு பள்ளம் தெரியும். விலை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்திருக்கும். ஆனால் அந்தப் பங்கை வைத்திருந்த யாரும் அன்று அதனால் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. ₹10 முகமதிப்புள்ள ஒரு பங்கை ₹2 முகமதிப்புள்ள ஐந்து பங்குகளாக நிறுவனம் பிரித்தது, அவ்வளவுதான். 2017-இல் இரண்டு பங்குக்கு ஒன்று என்று போனஸ் கொடுத்தபோதும், விலையில் மூன்றில் ஒரு பங்கு காகிதத்தில் மட்டும் காணாமல் போனது. ‘விலை 10% விழுந்தால் விற்றுவிடு’ என்று ஒரு விதியை எழுதி இந்தத் தரவில் ஓட்டினால், கணினி இரண்டு முறையும் விற்றுவிட்டு, நடக்காத நஷ்டத்தைக் கணக்கில் எழுதி வைக்கும். இன்றைய நல்ல மென்பொருள்கள் இத்தகைய மாற்றங்களைத் தாமே சரிக்கட்டித் தருகின்றன. ஆனாலும் இந்தப் பள்ளம் ஒன்றைக் கற்றுத்தருகிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் யாரோ எடுத்த முடிவுகள் இருக்கின்றன. அந்த முடிவுகள் மாறினால் கோடு மாறும், கோடு சொல்லும் கதையும் மாறும்.

அளவுகோலை எடுத்துக்கொள்வோம். இதே பங்கு 2020 மார்ச்சில் ₹20-ஐ ஒட்டி இருந்தது. 2024 ஜூலையில் ₹300-ஐத் தாண்டியது. சாதாரண அளவுகோலில் ₹20-லிருந்து ₹40-க்கு ஏறியதும் ₹280-லிருந்து ₹300-க்கு ஏறியதும் ஒரே உயரமாகத் தெரியும். முதல் ஏற்றத்தில் பணம் இரட்டிப்பானது. இரண்டாவதில் 7% கூடியது. மடக்கை அளவுகோலுக்கு மாற்றினால்தான் சம விகித ஏற்றங்கள் சம உயரம் பெறும். விலையிலிருந்து கணக்கிட்டு வரையப்படும் இன்டிகேட்டர்களின் கதையும் இதுதான். அவற்றில் ஒன்றான ஆர்எஸ்ஐ-யை வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்டார். அவர் வைத்த 14 நாள் என்ற எண்ணைத்தான் பெரும்பாலான மென்பொருள்கள் இன்றும் இயல்பு அமைப்பாக வைத்திருக்கின்றன. அதை 9 ஆக்கலாம், 21 ஆக்கலாம், யாரும் தடுப்பதில்லை. எம்ஏசிடி, போலிஞ்சர் பட்டைகள், நகரும் சராசரிகள் என்று திரையை நிரப்பவும் செய்யலாம். இவை எல்லாமே தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, கைமாறிய பங்குகள் என்ற ஐந்து எண்களிலிருந்தே கணக்கிடப்படுபவை. ஐந்து இன்டிகேட்டர்களும் ஒரே நாளில் ‘வாங்கு’ என்று சொன்னால் ஐந்து தனித்தனி ஆதாரங்கள் கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. ஒரே ஆதாரத்தை ஐந்து விதமாகக் கணக்கிட்டிருக்கிறோம், அவ்வளவே.

வரைபடத்தை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் இந்த வசதியும், வாங்கும் விற்கும் விதியை நாமே நிரலாக எழுதும் வசதியும் சேரும் இடத்தில்தான் இந்த அத்தியாயத்தின் பிரச்சினை தொடங்குகிறது. மென்பொருள் இருபது ஆண்டு விலைகளை நினைவில் வைத்திருக்கிறது. நாம் விதியை எத்தனை முறை திருத்தினோம் என்பதை நம் கண்முன் எடுத்து வைப்பதில்லை. கடைசியாகக் கிடைக்கும் லாபக் கோட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தீர்மானிப்பதோ அந்தத் திருத்தங்களின் எண்ணிக்கைதான். மூன்று முறை முயன்று கிடைத்த 25% ஆண்டு லாபமும் மூவாயிரம் முறை முயன்று கிடைத்த 25% ஆண்டு லாபமும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். முன்னது ஒரு தடயமாக இருக்கலாம். பின்னதில் பெரும்பாலும் தற்செயலைத் தவிர வேறொன்றும் இருக்காது.

விதி எழுதுவது இன்று கடினமான வேலை இல்லை. அமெரிக்காவின் மெட்டாஸ்டாக் 1980-களிலேயே சாதாரண வாடிக்கையாளர் தன் சூத்திரத்தைத் தானே எழுத வழி செய்தது. போலந்து நாட்டு நிரலாளர் தோமாஷ் யானெச்கோ அமிகா கணினிக்காகத் தொடங்கிய ஆமிபுரோக்கர், பிறகு விண்டோஸுக்கு வந்து இந்தியச் சிறு வர்த்தகர்களிடையே வேரூன்றியது. டிரேடிங்வியூவில் விதி எழுத பைன் ஸ்கிரிப்ட் என்ற மொழி இருக்கிறது. ஸ்ட்ரீக் போன்ற தளங்களில் நிரலே தேவையில்லை. நிபந்தனைகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். ‘20 நாள் சராசரி 50 நாள் சராசரியைக் கீழிருந்து மேலே வெட்டினால் வாங்கு, மேலிருந்து கீழே வெட்டினால் விற்றுவிடு’ என்ற விதிக்கு ஆமிபுரோக்கரில் இரண்டு வரி போதும். காட்பாடியில் பைத்தான் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் இதை ஒரு மாலைக்குள் எழுதிவிடுவார். எழுதியதும் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கலாம். சந்தைக்காரர்கள் இதைத்தான் பேக்டெஸ்ட் என்கிறார்கள். லாபம் போதவில்லை என்றால் 20-ஐ 18 ஆக்கலாம், 50-ஐ 55 ஆக்கலாம். அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு ‘ஆப்டிமைஸ்’ பொத்தான் இருக்கிறது.

அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய சராசரிக்கு 5 முதல் 50 நாள் வரை ஒவ்வொன்றாக 46 மதிப்புகள். பெரிய சராசரிக்கு 55 முதல் 250 நாள் வரை ஐந்து ஐந்தாக 40 மதிப்புகள். இரண்டும் சேர்ந்து 1,840 விதிகள். நஷ்டத்தை நிறுத்த விற்கும் எல்லையான ஸ்டாப்லாஸை 1% முதல் 10% வரை பத்து விதமாக வைத்தால் 18,400. இவற்றில் ஒன்றுகூட எதற்கும் உதவாத விதி என்றே வைத்துக்கொள்வோம். ‘நூறில் ஒரு முறைதான் தற்செயலாக இப்படி அமையும்’ என்று சொல்லத்தக்க கடுமையான தகுதியை வைத்தாலும், சராசரியாக 184 விதிகள் அதில் தேறிவிடும். மென்பொருள் அவற்றில் முதலிடம் பிடித்ததை எடுத்து, அழகாக ஏறிச்செல்லும் கோட்டுடன் நம் முன் வைக்கும். கணினி பொய் சொல்லவில்லை. ‘இந்தப் பழைய விலைகளுக்கு மிகவும் பொருந்தும் எண்கள் எவை’ என்ற கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னது. ‘நாளைய விலைக்கு எது பொருந்தும்’ என்ற வேறொரு கேள்வியின் பதிலாக அதை எடுத்துக்கொள்வது நாம்தான். கையால் திருத்துபவரும் இதிலிருந்து தப்புவதில்லை. ஒன்றையொன்று சாராத உதவாக்கரை விதிகள் இருபதைச் சோதித்து, இருபதில் ஒரு முறை தற்செயலாக வரக்கூடிய முடிவை ‘வெற்றி’ என்று ஏற்றால், ஒரு வெற்றியாவது கிடைக்கும் வாய்ப்பு 64%. டேவிட் லைன்வெபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த ஆபத்தை விளக்குவதற்காகவே ஐநா தரவுத் தொகுப்பு ஒன்றைத் துழாவி, எஸ்அண்ட்பி 500 குறியீட்டோடு மிக நன்றாகப் பொருந்தும் தொடர் ஒன்றைக் கண்டெடுத்தார். அது வங்கதேசத்தின் வெண்ணெய் உற்பத்தி.

நிதியியல் ஆய்வில் இந்த வாதம் நேரடியாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. 1992-இல் பிராக், லகோனிஷோக், லெபாரன் மூவரும் அமெரிக்க டௌ ஜோன்ஸ் குறியீட்டின் 1897 முதல் 1986 வரையிலான விலைகளில் 26 எளிய விதிகளை ஓட்டினார்கள். நகரும் சராசரி விதிகளுக்கு ஓரளவு கணிக்கும் திறன் இருப்பதாக முடிவு வந்தது. வரைபட ஆர்வலர்களுக்கு அது பெரிய ஊக்கம். ஏழு ஆண்டுகள் கழித்து சல்லிவன், டிம்மர்மன், வைட் மூவரும் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள்: அந்த 26-க்குப் பின்னால், உலகம் அதுவரை முயன்று கைவிட்ட விதிகள் எத்தனை இருக்கும்? அவர்கள் 7,846 விதிகளைத் தொகுத்து, அத்தனை முயற்சிகளுக்கும் கழிவு கொடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். அந்தக் கழிவுக்குப் பிறகும் பழைய காலத்தின் சிறந்த விதி தேறத்தான் செய்தது. ஆனால் அதே விதியை அடுத்து வந்த 1987–1996 காலத்தில் ஓட்டியபோது மேலான பலன் எதுவும் கிடைக்கவில்லை. தொண்ணூறு ஆண்டுகள் உழைத்த விதி, அடுத்த பத்து ஆண்டுகள்கூட உழைக்கவில்லை.

இன்னும் நெருக்கமான சான்று குவான்டோபியன் என்ற அமெரிக்க இணையத்தளத்திலிருந்து கிடைத்தது. யார் வேண்டுமானாலும் விதி எழுதி ஓட்டிப் பார்க்கலாம் என்று திறந்துவைக்கப்பட்ட தளம் அது. சாதாரண மென்பொருள்கள் கணக்கெடுக்காத ஒன்று அதன் பதிவேட்டில் இருந்தது: ஒவ்வொருவரும் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தார்கள் என்ற எண். அங்கே எழுதப்பட்ட 888 விதிகளை, அவை எழுதப்பட்டதற்குப் பிந்தைய விலைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. ஷார்ப் விகிதம் என்ற வழக்கமான அளவுகோலில் பேக்டெஸ்ட் காட்டிய முடிவு, பின்னர் நடந்ததை ஏறக்குறைய கணிக்கவே இல்லை. பிந்தைய பலன்களின் வேறுபாட்டில் அது விளக்கியது 2.5 சதவீதத்துக்கும் குறைவு. இன்னொரு முடிவும் இருந்தது. ஒருவர் எவ்வளவு அதிகமாக பேக்டெஸ்ட் செய்தாரோ, அவ்வளவுக்கு அவருடைய விதியின் காகித லாபத்துக்கும் நிஜ லாபத்துக்கும் இடையிலான தூரம் கூடியது. இந்த விஷயத்தில் உழைப்பு கூடக் கூட ஏமாற்றமும் கூடுகிறது. ஒவ்வொரு திருத்தமும் கடந்தகாலத்தோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. அந்த அளவுக்கு எதிர்காலத்திலிருந்து விலகிப் போகிறது.

அப்படியானால் சோதிப்பதையே விட்டுவிட வேண்டுமா? கூடாது. சோதிக்கும் முறையை மாற்ற வேண்டும். அதற்கான முன்மாதிரி பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரிகளிலேயே இருக்கிறது. குரோம் பதனிட்ட தோல் டிரம்மிலிருந்து வெளியே வரும் முன், தடிப்பான பகுதியிலிருந்து சிறு துண்டு ஒன்றை வெட்டுவார்கள். அதன் ஓரத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, வரைந்த கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். பதனிடாத தோல் 60–65 டிகிரி வெப்பத்திலேயே சுருங்கிவிடும். குரோம் உள்ளே நன்றாக ஏறிய தோல் கொதிநிலையைத் தாங்கும். துண்டு சுருங்கியிருந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும் என்று பொருள். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. குரோம் கடைசியாகப் போய்ச் சேரும் தடிப்பான இடத்தில், அதாவது தோல் தோற்க வாய்ப்புள்ள இடத்தில், துண்டு வெட்டப்படுகிறது. வெந்த துண்டோடு அந்தச் சோதனை முடிந்துவிடுகிறது. டிரம்மை மறுபடி ஓட்டினால் புதிய துண்டு வெட்டியாக வேண்டும், பழையதையே மறுபடி வேகவைத்து ஆறுதல் அடைய முடியாது.

விலைத் தரவுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். 2005 முதல் 2025 வரை தரவு இருந்தால், 2016 வரையிலான பகுதியில் விதியை உருவாக்கலாம், திருத்தலாம். 2017 முதலான பகுதியைத் தொடக்கூடாது. விதி இறுதியானதும் அதை ஒரே ஒரு முறை அங்கே ஓட்ட வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்று திரும்பிப் போய் எண்ணை மாற்றிவிட்டு மறுபடி அங்கேயே ஓட்டினால், அந்தப் பகுதியும் வெந்த துண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அது எதையும் நிரூபிக்காது. தோற்க வாய்ப்புள்ள இடத்தில் சோதிப்பதற்கும் வழிகள் உண்டு. 20, 50 என்ற எண்கள் லாபம் தந்தால் 18, 47 என்ற எண்களும் ஏறக்குறைய அதே லாபம் தர வேண்டும். தராவிட்டால் கிடைத்தது தற்செயல். மொத்த லாபத்திலிருந்து மிகச் சிறந்த மூன்று வர்த்தகங்களை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். நிஃப்டி ஒரே நாளில் 13% விழுந்த 2020 மார்ச் 23-க்கு முன் எப்படியோ வெளியேறியதுதான் முழு லாபத்துக்கும் காரணம் என்றால், நம் கையில் இருப்பது விதியல்ல, ஒரு நல்ல நாள். தினசரி ஏற்ற இறக்க சதவீதங்களின் வரிசையைக் கலைத்து நூறு போலி வரலாறுகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் அதே ‘ஆப்டிமைஸ்’ வேலையைச் செய்து பார்ப்பது இன்னும் கறாரான சோதனை. அர்த்தமே இல்லாத அந்த வரலாறுகளிலும் நம் விதிக்கு நிகரான லாபம் அடிக்கடி வந்தால், நாம் கண்டுபிடித்தது தேடலின் திறமையை மட்டுமே.

இவ்வளவும் செய்தாலும் சோதனைக்குள் நுழைந்துவிடும் பிழைகள் உண்டு. முதலாவது, எதிர்காலத்தை எட்டிப் பார்ப்பது. இன்றைய முடிவு விலையைப் பார்த்து முடிவெடுத்து, இன்றைய முடிவு விலையிலேயே வாங்கியதாக எழுதுவது இதன் எளிய வடிவம். ‘ஜிக்ஜாக்’ இன்டிகேட்டர் இன்னும் ஆபத்தானது. ஓர் உச்சம் உச்சம்தான் என்பது விலை அங்கிருந்து இறங்கிய பிறகே தெரியும். ஆனால் அந்த இன்டிகேட்டர் பின்னோக்கிச் சென்று உச்சத்திலேயே குறியிடுகிறது. அதை வைத்து விதி எழுதினால் பேக்டெஸ்டில் ஒவ்வொரு உச்சத்திலும் விற்று, ஒவ்வொரு தாழ்விலும் வாங்கலாம். நிஜச் சந்தையில் முடியாது. இரண்டாவது, பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவது. இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்து 2008-லிருந்து ஓட்டினால் சத்யம், யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் அதில் இருக்காது. 2008-இல் அவை நிஃப்டியில் இருந்தன. அன்று விதி எழுதியவர் அவற்றையும் வாங்கியிருப்பார். வீழ்ந்தவர்களை நீக்கிய பட்டியலில் எந்த விதியும் நன்றாகவே தெரியும்.

மூன்றாவது செலவு. பெரும்பாலான மென்பொருள்களில் செலவுக்கான கட்டம் இயல்பாகப் பூஜ்யமாகவே இருக்கும். நாம்தான் நிரப்ப வேண்டும். டெலிவரி எடுத்து ₹1 லட்சத்துக்குப் பங்கு வாங்கி விற்றால், பங்குப் பரிவர்த்தனை வரி இரு பக்கமும் 0.1% வீதம் ₹200. முத்திரைத் தீர்வை வாங்கும்போது 0.015%, அதாவது ₹15. ஆண்டுக்கு 40 முறை இப்படிச் சுற்றும் விதிக்கு இவை மட்டும் ₹8,600. நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள இடைவெளியை, சந்தையில் ஸ்லிப்பேஜ் என்பதை, வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1% என்று வைத்தால் இன்னுமொரு ₹8,000. ஆக, போட்ட பணத்தில் 16.6% லாப நஷ்டக் கணக்குக்கு முன்பே போய்விடுகிறது. தரகும், அதன் மீதான ஜிஎஸ்டியும், மிஞ்சிய லாபத்தின் மீது 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ள 20% குறுகியகால ஆதாய வரியும் இதற்கு மேல். ஆண்டுக்கு 15% காட்டும் அழகான கோடு செலவுக் கட்டத்தை நிரப்பியதும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பலர் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுவதில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் எண்களிலிருந்தே வருகிறது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள் கைமாறும் எஃப் அண்ட் ஓ சந்தையில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டார்கள் என்றும், மொத்த நஷ்டம் ₹1.8 லட்சம் கோடியைத் தாண்டியது என்றும் 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு சொன்னது. அதே ஆய்வில், வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களின் லாபத்தில் 97 சதவீதமும் தரகு நிறுவனங்கள் சொந்தப் பணத்தில் செய்த வர்த்தக லாபத்தில் 96 சதவீதமும், விதிப்படி கணினியே வாங்கி விற்கும் அல்கோ மூலம் வந்ததாக இருக்கிறது. விதி எழுதியவன் ஜெயிக்கிறான், எழுதாதவன் தோற்கிறான் என்றுதானே இதற்கு அர்த்தம் என்று கேட்கலாம். பெருநிறுவனங்களின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சின் சர்வருக்குப் பக்கத்திலேயே தங்கள் கணினியை வைக்கும் வசதி, ஒரே பொருள் இரண்டு இடத்தில் இரண்டு விலையில் இருக்கும் கண நேரத்தைப் பிடிக்கும் வேகம், மிகக் குறைந்த செலவு, ஆயிரக்கணக்கான சிறு லாபங்களைக் கூட்டும் முதலீடு ஆகியவை அவர்களிடம் உண்டு. 20 நாள் சராசரி 50 நாள் சராசரியை வெட்டியதால் அவர்கள் சம்பாதிக்கவில்லை. அதே நிரல் மொழியை நாமும் எழுதுகிறோம் என்பதற்காக அதே தொழிலை நாமும் செய்வதாக ஆகிவிடாது. அந்த ஆய்வின்படி எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 72 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்க்காரர்கள். நான்கில் மூன்று பேரின் ஆண்டு வருமானம் ₹5 லட்சத்துக்கும் குறைவு. போட்டி எவ்வளவு சமமற்றது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

இரண்டாவது மறுப்பு அறிவியல் தரப்பிலிருந்து வருவது. ஏறிக்கொண்டிருக்கும் பங்குகள் சில மாதங்களுக்குத் தொடர்ந்து ஏறும் போக்கு உண்டு என்பதை ஜெகதீஷும் டிட்மனும் 1993-இல் அமெரிக்கத் தரவில் காட்டினார்கள். பிற்காலத் தரவிலும் அது நின்றது. மொமென்டம் எனப்படும் அந்தக் கருத்தின் அடிப்படையில் நிஃப்டி 200 மொமென்டம் 30 என்ற குறியீடே இந்தியாவில் இருக்கிறது. கடந்தகால விலையில் எதுவுமே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அப்படி நான் சொல்லவில்லை. மொமென்டம் ஆய்வுக்கு மதிப்பு வந்த வழியைப் பாருங்கள்: எளிய ஒரே கருத்து, நூற்றுக்கணக்கான பங்குகள், பல பத்தாண்டுகள், கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வந்த புதிய தரவில் மறுசோதனை. ஒரு பங்கில் 23 நாளா 24 நாளா என்று தேடுவதற்கு நேர் எதிரான வழி இது. அப்படித் தேறிய கருத்துகளும் தேய்கின்றன. ஆய்விதழ்களில் வெளியான 97 பங்குச்சந்தைப் போக்குகளை மெக்லீனும் பான்டிஃபும் 2016-இல் ஆராய்ந்தபோது, ஆய்வு முடிந்த காலத்துக்குப் பிறகு அவற்றின் பலன் 26% குறைந்திருந்தது. ஆய்வு வெளியான பிறகு 58% குறைந்திருந்தது. பேராசிரியர்களின் விதிக்கே இவ்வளவு தேய்மானம் என்றால், நம் விதிக்கு அதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

மூன்றாவது மறுப்பு அனுபவசாலிகளுடையது. நிரல் வேண்டாம், சோதனையும் வேண்டாம், வரைபடத்தைப் பார்த்தாலே போக்கு தெரியும் என்பார்கள். இந்த இடத்தில் நான் முழுமையாக நிரலின் பக்கம் நிற்கிறேன். கண்ணும் விதியைத் திருத்திக்கொண்டேதான் இருக்கிறது, எந்தத் தடயமும் விடாமல். பலித்த கோடு நினைவில் நிற்கும்; பலிக்காத கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போடுவோம். எழுதப்பட்ட விதி நம்மைக் கட்டிப்போடுகிறது. எப்போது வாங்கும், எப்போது விற்கும், எப்போது தவறும் என்பதை யாரும் சரிபார்க்கலாம். நிரல் எழுதுவதன் உண்மையான பயன் இதுதான்: ஒரு நம்பிக்கையைப் பொய்ப்பிக்கத்தக்க கூற்றாக மாற்றுவது. நம்பிக்கைகள் பெரும்பாலும் பொய்த்துப்போகும். பணம் போடுவதற்கு முன்பே பொய்த்துவிட்டால் அது லாபம்.

நான்காவதாக, இருபது ஆண்டுத் தரவு போதாதா என்று கேட்கலாம். இருபது ஆண்டு என்றால் ஏறக்குறைய 5,000 வர்த்தக நாட்கள், பெரிய எண்தான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வாங்கி விற்கும் விதிக்கு அது இருபதே நிகழ்வு. இருபது நிகழ்வை வைத்து மூன்று எண்களைத் துல்லியமாகத் தீர்மானிக்க முடியாது. தரவில் இல்லாத நிகழ்வுகளையோ எந்த விதியும் அறியாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு டேனரிக்கும் ₹10,000 அபராதம் விதித்து, மாசைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இல்லாமல் தொழில் நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50% வரி விதித்தது. தோலும் காலணியும் அதில் அடக்கம். பாலாற்றங்கரைத் தோல் தொழிலின் தலையெழுத்தையே மாற்றிய இந்த இரண்டு முடிவுகளையும் அவற்றுக்கு முந்தைய எந்த விலைக் கோடும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் விதி எழுதுவதால் அந்தத் தோல் தொழிலுக்கு நேரடிப் பயன் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. ஆம்பூரில் ஷூ தைத்து ஏற்றுமதி செய்பவருக்கு ஆர்டர் உறுதியாகும் நாளுக்கும் டாலர் கையில் வரும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடுகின்றன. 2008 தொடக்கத்தில் ஒரு டாலர் ₹40-க்கும் குறைவு. 2025 டிசம்பரில் ₹90-ஐத் தாண்டியது. 2007-ஆம் ஆண்டின் நாணயப் போக்கு தொடரும் என்று நம்பிச் சிக்கலான நாணய ஒப்பந்தங்களில் மாட்டிய திருப்பூர், கோவைப் பகுதி நிறுவனங்களின் கதை நீதிமன்றம்வரை போனது. அவற்றில் ஒன்றான ராஜஸ்ரீ சுகர்ஸுக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையிலான வழக்கில் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பொறியில் விழாமல் இருக்க எளிய விதி போதும்: ஆர்டர் உறுதியான அன்றே, வரவேண்டிய டாலரில் பாதியை, அதன் விலையை அன்றே உறுதி செய்யும் ஃபார்வர்டு ஒப்பந்தத்தில் பதிவு செய். இதற்கு எந்தக் கணிப்பும் தேவையில்லை. பழைய விலைகளில் ஓட்டினால், லாப விகிதத்தின் ஊசலாட்டம் எவ்வளவு குறைகிறது என்பதை நேராகப் பார்த்துவிடலாம். ‘பாதி’ என்ற ஒன்றைத் தவிரத் திருத்துவதற்கு எண்களே இல்லாததால் தற்செயல் நுழைய இடம் மிகக் குறைவு. ரூபாய் சார்ந்த நாணய ஒப்பந்தங்களை எக்ஸ்சேஞ்சில் வாங்க உண்மையான வரவோ செலவோ இருக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் நிபந்தனை 2024 மே 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த உண்மையான வரவு ஆம்பூரில் நிறையவே இருக்கிறது.

விற்பனைக்கு வரும் அல்கோக்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அல்கோவின் பழைய லாபத்தையோ எதிர்பார்க்கும் லாபத்தையோ சொல்லி விற்கும் தளங்களோடு தரகர்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே செபி உத்தரவிட்டது. 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கையின்படி அல்கோ விற்பவர்கள் எக்ஸ்சேஞ்சின் அங்கீகாரப் பட்டியலில் இடம்பெற வேண்டும். விதியை வெளிக்காட்டாமல் விற்பவர்கள் ரிசர்ச் அனலிஸ்டாகவும் பதிவு செய்திருக்க வேண்டும். ஒழுங்குமுறை இதற்கு மேல் போவது கடினம். செல்போனுக்கு வந்து சேரும் பேக்டெஸ்ட் படம் எத்தனை முயற்சியில் எடுத்த படம் என்பதை எந்தச் சுற்றறிக்கையும் நமக்குச் சொல்லாது.

அதனால் வேலை நம்முடையது. மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு நோட்டில் விதியையும் அது ஏன் வேலை செய்ய வேண்டும் என்ற காரணத்தையும் எழுதுங்கள். ஓட்டும் ஒவ்வொரு முறையும், ‘ஆப்டிமைஸ்’ ஓட்டிய ஒவ்வொரு சேர்க்கையும் உட்பட, எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். செலவுக் கட்டத்தை நிரப்புங்கள். ஒதுக்கி வைத்த தரவை ஒரே முறை பயன்படுத்துங்கள். அதில் தோற்ற விதியைக் கைவிடுங்கள். யாராவது ஓர் அழகான லாபக் கோட்டைக் காட்டினால் லாபம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இது எத்தனையாவது முயற்சி என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்ல முடியாதவரின் விதியை நம்பி, அது உங்களுடைய விதியே ஆனாலும், ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.